வட்டிலில் வெந்த அப்பம்

சேதுக்கரைச் சுவடுகள் – 17

நயினார்கோவிலில் நாகநாதரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, முக்காடிட்ட ஒரு பெண் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எதிரே வருவதைப் பார்த்தால் வெளியூர்க்காரர்கள் ஒரு கணம் நின்று பார்ப்பார்கள். உள்ளூரில் யாரும் நிற்பதில்லை. வாய் பேசாத மகளோடு வந்த முல்லா சாகிபுவின் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். சந்நிதியில் அந்தப் பிள்ளை வாய் திறந்து சொன்ன முதல் சொல் ‘நயினார்’ என்றும், அதுவே ஊருக்குப் பெயராயிற்று என்றும் சொல்வார்கள். இன்றும் இசுலாமியக் குடும்பங்கள் அந்த நம்பிக்கையோடு வந்து போகின்றன.

நயினார் என்றால் தலைவன், ஐயன். கோயில் சாமியைச் சைவர் அப்படி அழைத்தார்கள். தமிழ்ச் சமணர்களுக்கு அது குடிப்பெயர். கடற்கரைக்கு இறங்கினால் நயினா முகம்மது, நெய்னார் மரக்காயர் என்று அதே சொல் வேறு வீட்டு வாசலில் நிற்கிறது. ஒரே சொல்லைப் பல வீட்டார் தத்தம் சொல்லாக வைத்திருக்கும் சீமை இது.

இந்த வாரம் அப்படி ஒரு பண்டத்தைப் பற்றி எழுதுகிறேன். கல்வெட்டும் காசும் ஓட்டுச்சில்லுமாகவே போகிறது, சோற்றுச் சட்டியையும் கொஞ்சம் பாருங்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். இந்தக் கரையின் வரலாற்றில் பாதி அடுப்படியில்தான் இருக்கிறது.

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என்று எந்தக் கடலோர ஊருக்கும் பெருநாள் காலையில் போய்ப் பாருங்கள். இடியாப்பத்தின் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு துண்டு இருக்கும். விரலால் தொட்டால் அதிரும், வாயில் வைத்தால் கரையும். வட்டிலப்பம். பேச்சில் வட்லாப்பம், வட்டலப்பம். கடல் தாண்டி இலங்கைக்குப் போனால் அதே பண்டம் அதே பெயரோடு சிங்களவர் வீட்டிலும் இருக்கிறது. முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றும் சேர்ந்து ஆவியில் இறுகுவதுதான் அது. ஆங்கிலேயர் கஸ்டர்ட் என்று சொல்லும் வகைக்கு இந்தக் கரையில் வழங்கும் உருவம்.

பெருநாளுக்கு முந்தைய இரவில் கீழக்கரையில் ஒரு நண்பர் வீட்டு அடுப்படியில் அதைச் செய்யப் பார்த்திருக்கிறேன். நண்பரின் உம்மாவுக்கு அப்போது எழுபது வயது இருக்கும். கருப்பட்டியைத் தட்டி, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, மண்ணும் தூசியும் போகத் துணியில் வடிகட்டினார். பாகு முழுக்க ஆறும்வரை முட்டையைத் தொடவே இல்லை. “சூட்டோட ஊத்துனா முட்ட வெந்து திரிஞ்சு போகும் தம்பி, அப்புறம் அது வட்லாப்பமில்ல, பொரியல்” என்றார். தேங்காயைத் துருவித் தண்ணீர் அதிகம் சேர்க்காமல் பிழிந்த முதற்பால். முட்டையை நுரை பொங்க அடிக்காமல், வெள்ளையும் மஞ்சளும் ஒன்றாகும் அளவுக்கு மட்டும் கலக்கினார். எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு முறை வடிகட்டி, ஏலக்காயும் ஒரு சிட்டிகை சாதிக்காயும் போட்டு, வட்டிலில் ஊற்றி, மேலே முந்திரியைத் தூவினார். ஆவி நீராகி மேலே சொட்டாதபடி வட்டிலுக்கு மூடி போட்டு இட்லிச் சட்டிக்குள் இறக்கினார். பிறகு அடுப்பைத் தணித்தார். அந்தத் தணிந்த தீதான் இதில் கைப்பக்குவம்.

முட்டையில் உள்ள புரதங்கள் சுருண்டு கிடக்கும் இழைகள். சூடு ஏறும்போது சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று பின்னி வலையாகும். அந்த வலைக்குள் தேங்காய்ப்பாலும் பாகும் அகப்பட்டுக்கொள்கின்றன. தனி முட்டை 65 டிகிரியிலிருந்தே இறுகத் தொடங்கும். பாலும் இனிப்பும் சேர்ந்தால் அந்த அளவு மேலே போய் ஏறக்குறைய 80 முதல் 85 டிகிரியில் இறுகும். அதற்கு மேல் சூடு போனால் வலை சுருங்கி, பிடித்து வைத்திருந்த நீரைக் கக்கிவிடும். அப்போதுதான் துண்டில் தேன்கூடு போலப் பொத்தல்கள் விழுகின்றன. பொத்தலில்லாமல் வழவழவென்று வருவதைக் கொண்டாடும் வீடுகளும் உண்டு, பொத்தலில் பாகு தேங்கி நிற்பதே ருசி என்னும் வீடுகளும் உண்டு. எனக்கு வழவழப்புதான் பிடிக்கும். இலங்கையில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

இனி பெயர். வட்டில் என்பது தமிழில் பழைய சொல், கிண்ணம் என்று பொருள். பெருமாள் கோயில் திருவாராதனத்தில் தீர்த்தம் வைக்கும் சிறு பாத்திரங்களுக்கு இன்றும் வட்டில் என்றுதான் பெயர். பொழுதை அளந்த நீர்க்கருவிக்கு நாழிகை வட்டில் என்று பெயர். அப்பமும் நம் கோயில் மடைப்பள்ளிகளில் அமுதாகப் படைக்கப்பட்டு வரும் பண்டம். ஆக, வட்டிலில் ஊற்றி வேகவைத்த அப்பம் வட்டிலப்பம். இதில் பாரசீகமும் இல்லை, அரபும் இல்லை, போர்த்துக்கீசியமும் இல்லை.

மலபாருக்குப் போனால் இதற்கு ஒரு துணைச் சான்று கிடைக்கும். அங்கே மாப்பிளைமார் வீட்டுக் கல்யாணங்களில் முட்டமாலை என்று ஒரு பண்டம் வைப்பார்கள். மஞ்சள் கருவை மட்டும் பிரித்துக் கொதிக்கும் சர்க்கரைப் பாகில் நூல் நூலாக விட்டு எடுப்பது. மிஞ்சிய வெள்ளைக்கருவில் சர்க்கரை சேர்த்து ஆவியில் அவித்துப் பக்கத்தில் வைப்பார்கள். அதன் பெயர் பிஞ்ஞாணத்தப்பம். பிஞ்ஞாணம் என்றால் பீங்கான் தட்டு. அங்கே பீங்கானில் வெந்தது பிஞ்ஞாணத்தப்பம், இங்கே வட்டிலில் வெந்தது வட்டிலப்பம். முந்தைய இதழில் பெரியபட்டினத்து மண்ணில் கிடைத்த 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் சில்லுகளைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தப் பாத்திரங்கள் வந்திறங்கிய துறைகளில்தான் பாத்திரத்தின் பெயரால் பலகாரத்தை அழைக்கும் வழக்கமும் வேர்பிடித்திருக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் இதே போன்றதுதான். கஸ்டர்ட் என்ற சொல் முதலில் பாலையும் முட்டையையும் குறிக்கவில்லை. பழைய பிரெஞ்சு வழியாக வந்த ‘கிரஸ்டாட்’ என்பதன் திரிபு அது. மாவினால் செய்த மேலோட்டுக்குத்தான் அந்தப் பெயர். இடைக்கால ஐரோப்பாவில் மாவைக் கிண்ணம்போல் செய்து, உள்ளே முட்டைக் கலவையை ஊற்றிச் சுட்டார்கள். காலப்போக்கில் ஓடு தன் பெயரை உள்ளிருந்த கலவைக்குக் கொடுத்துவிட்டது. அவர்களுக்கு மாவே வட்டில். நமக்கு வெண்கலமோ பித்தளையோ வட்டில். இரண்டு மொழிக்காரர்களும் பண்டத்தை அதைத் தாங்கிய பாத்திரத்தின் பெயரால்தான் கூப்பிட்டார்கள்.

அந்த ஐரோப்பிய வகையில் உலகம் முழுக்கப் பேர்பெற்றது போர்ச்சுகலின் பாஸ்டெல் டி நாட்டா. லிஸ்பனை அடுத்த பெலெமில் ஜெரோனிமஸ் மடத்துத் துறவிகள் செய்தது. துறவிகளின் உடுப்புக்குக் கஞ்சி போட வெள்ளைக்கரு செலவானதால் மீந்த மஞ்சள் கருவைக் கொண்டு இனிப்புகள் பெருகின என்று அந்நாட்டில் சொல்வார்கள். 1834இல் அங்கே மடங்களை அரசு மூடியது. 1837இல் மடத்தை ஒட்டி ஒரு கடை திறந்து அந்தப் பலகாரத்தை விற்கத் தொடங்கினார்கள். அந்தக் கடை இன்றும் நடக்கிறது.

போர்த்துக்கீசியர் நம் கரைக்குப் புதியவர்கள் அல்ல. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறை அவர்கள் பிடிக்குள் இருந்தது. 1549இல் வேதாளையில் நடந்த மோதலில் அந்தோனியோ கிரிமினாலி என்ற இயேசு சபைப் பாதிரியார் உயிரிழந்ததை இத்தொடரின் வாசகர்கள் அறிவார்கள். ஆகவே முட்டைப் பலகாரம் என்றவுடன், பறங்கியர் கற்றுக்கொடுத்திருப்பார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. நானும் சில காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது அதை ஏற்கவில்லை.

போர்த்துக்கீசியரின் முட்டை இனிப்புகளில் பெரும்பாலானவை மஞ்சள் கருவை மட்டும் நம்பியவை. கொதிக்கும் பாகிலோ சுடும் அடுப்பிலோ செய்யப்படுபவை. அவர்கள் கால் வைத்த இடங்களில் அந்தத் தடம் தெளிவாகவே தெரிகிறது. மலபாரின் முட்டமாலை, தாய்லாந்தின் பொன்னிழை இனிப்பான ஃபோய் தோங், சப்பானின் கெய்ரன் சோமென் மூன்றும் ஒரே பாகுச்சட்டியில் பிறந்த உடன்பிறப்புகள். கோவாவின் பெபிங்காவில் தேங்காய்ப்பால் சேர்ந்தாலும் மஞ்சள் கருவும் மேல்தணலும் அப்படியே இருக்கின்றன. வட்டிலப்பம் அந்தக் குடும்பத்தில் சேராது. முழு முட்டையில் செய்வது, ஆவியில் வேகவைப்பது. மாவு கிடையாது, வெண்ணெய் கிடையாது, பசும்பாலும் கிடையாது.

ஆவியில் வேகும் முட்டையும் தேங்காய்ப்பாலும் நம்மைக் கிழக்கே திருப்புகின்றன. மலாய்த் தீவுகளில் இதற்குச் செரிகாயா என்று பெயர். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ரொட்டியில் தடவித் தின்னும் ‘காயா’ அதன் தளர்ந்த வடிவம். தாய்லாந்தில் அது சங்கயா. சீத்தாப்பழத்துக்கும் மலாயில் செரிகாயா என்றே பெயர். ஆங்கிலேயர் அதே பழத்தைக் கஸ்டர்ட் ஆப்பிள் என்றார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பழத்தின் சதையைப் பார்த்ததும் இரண்டு மொழிக்காரர்களுக்கும் ஒரே பண்டத்தின் நினைவு வந்திருக்கிறது.

கீழக்கரை மரக்காயர்களின் கப்பல்கள் மலாக்காவுக்கும் அச்சேவுக்கும் துணி ஏற்றிப் போய்க்கொண்டிருந்த கடல் அது. கிழவன் சேதுபதி காலத்துச் சீதக்காதி அந்த வணிகர்களில் தலையாயவர். அந்தத் துறைமுகங்களில் இவர்களுக்குச் சூலியர் என்று பெயர். ஆங்கிலேயர் 1786இல் பினாங்கில் இறங்கிய பிறகு அங்கே உருவான சூலியா தெரு இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. ஆண்டின் ஒரு காற்றில் போய், அடுத்த காற்றுக்காக மாதக்கணக்கில் அங்கே தங்கி, திரும்பி வந்தவர்கள் நாவில் எதையாவது கொண்டுவராமல் இருந்திருப்பார்களா?

இலங்கையில் வேறொரு கூற்று உண்டு. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்த ஒல்லாந்தர், சாவகத்திலிருந்து படைவீரர்களையும் நாடுகடத்தப்பட்ட பிரபுக்களையும் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மலாய் மக்கள்தான் வட்டிலப்பத்தை அறிமுகம் செய்தார்கள் என்பது அங்கே பரவலான நம்பிக்கை. பக்குவம் அந்தக் கடல்வழியே வந்தது என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் மலாய்க்காரர் கையால் முதலில் வந்திருந்தால் செரிகாயா என்ற பெயரும் கூடவே வந்திருக்க வேண்டும். தொதல் அப்படித்தான் வந்தது. கீழக்கரையில் தொதல், கொழும்பில் தொதல், கோவாவில் தொதோல், சாவகத்தில் தோதோல். பண்டம் போன இடமெல்லாம் பெயரும் போயிருக்கிறது. வட்டிலப்பமோ சிங்கள மொழிக்குள்ளும் தமிழ்ப் பெயரோடுதான் நுழைந்திருக்கிறது. ஒரு தமிழ் வீட்டு வட்டிலில் வெந்து, தமிழ் பேசும் முசுலிம்களின் கைவழியாகவே அது தீவு முழுவதும் பரவியது என்பது என் முடிவு.

பரவுவதற்கு வழியும் இருந்தது. தோணிகள் எப்போதும் போய்வந்துகொண்டிருந்தன. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு என்று போட் மெயில் ஓடியது. முதுகுளத்தூர், பரமக்குடி, திருவாடானைப் பக்கத்து ஊர்களிலிருந்து கடைவேலைக்கும் தோட்டவேலைக்கும் போனவர்களின் கதை எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அந்த ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பல லட்சம் பேரின் வாழ்வு புரண்டது. தாயகம் திரும்பியவர்கள் பெட்டி படுக்கையோடு கித்துள் கருப்பட்டியின் ருசியையும் கொண்டுவந்தார்கள். அங்கே வட்டிலப்பத்துக்குக் கித்துள் பனையின் வெல்லம், இங்கே நம் பனையின் கருப்பட்டி. கித்துளில் செய்தது கறுத்து, லேசான புகை மணத்தோடு இருக்கும்.

நம் கருப்பட்டியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கரும்புக்குத் தண்ணீர் போதாத சீமை இது. நயினார்கோவில் வட்டாரத்துக் கரிசலில் குண்டு மிளகாயும் மானாவாரி நெல்லும்தான். இனிப்புக்கு மண் தந்தது பனை மட்டுமே. சாயல்குடி, கடலாடிப் பக்கம் தை, மாசியில் பாளை சீவத் தொடங்கினால் ஆடிக்குள் பருவம் முடிந்துவிடும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் சாறு புளிக்காமல் பதநீராக இறங்கும். அதைக் காய்ச்சிப் பதம் வந்ததும் கொட்டாங்கச்சியில் ஊற்றுவார்கள். அதனால்தான் கருப்பட்டிக்கு அந்த அரைக்கோள வடிவம். உச்சி வெயிலுக்கு முன் ஒரு நாளில் பல பனைகள் ஏறி இறங்கும் மனிதனின் உழைப்பு அதில் இருக்கிறது. பனையேறிகளின் பிள்ளைகள் அந்தத் தொழிலுக்கு வரத் தயங்குகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. கருப்பட்டி அரிதாக, சந்தையில் சீனிப்பாகு கலந்த கட்டிகள் பெருத்துவிட்டன. பல வீடுகளில் வட்டிலப்பமே வெள்ளைச் சீனிக்கு மாறிவிட்டது. நிறம் வெளுத்து, வாசம் போய், தித்திப்பு மட்டும் மிஞ்சிய அந்தத் துண்டைப் பழைய பண்டத்தின் பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

உடம்புக்கு அது என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வழக்கமான ஓர் அளவு: முட்டை 10, கெட்டித் தேங்காய்ப்பால் 400 மில்லி, கருப்பட்டி 400 கிராம், முந்திரி 50 கிராம். இதை 12 துண்டு போடலாம். ஒரு துண்டில் ஏறக்குறைய 280 கலோரி, 6 கிராமுக்குச் சற்று மேல் புரதம், 14 கிராம் கொழுப்பு, 28 முதல் 30 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு முட்டையில் உள்ள அளவுக்குப் புரதம் ஒரு துண்டில் கிடைத்துவிடுகிறது. மஞ்சள் கருவின் ஏ, டி, பி12 உயிர்ச்சத்துகளும் கோலினும் கூட வருகின்றன. ஒரு மாதம் நோன்பிருந்த உடம்புக்குப் பெருநாள் காலையில் இடியாப்பத்தோடு இது நல்ல துணை. கோதுமையும் பசும்பாலும் ஒத்துக்கொள்ளாதவர்களும் சாப்பிடலாம், மாவோட்டில் சுடும் ஐரோப்பிய வகையை அவர்கள் தொட முடியாது.

அதே சமயம் கருப்பட்டியில் செய்தது என்பதால் நீரிழிவுக்காரர்கள் தாராளமாகத் தின்னலாம் என்று சொல்லித் திரிவது தவறு. கருப்பட்டியில் இரும்பும் வேறு தாதுக்களும் கொஞ்சம் உண்டு, வெள்ளைச் சீனியில் அவை இல்லை. ஆனால் கருப்பட்டியின் பெரும்பகுதியும் சர்க்கரைதான், இரத்தத்தில் அது சர்க்கரையாகவே ஏறும். ஒரு நாளைக்குச் சேர்க்கும் இனிப்பை 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே துண்டு அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. தேங்காய்ப்பாலின் கொழுப்பும் பெரும்பாலும் நிறைகொழுப்பு, ஆகவே இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். முன்னோர் இதைத் தினப் பலகாரமாக வைக்கவில்லை. பெருநாள், கல்யாணம், மாப்பிள்ளை விருந்து என்று ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் வைத்தார்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது விரைவில் கெடும். செய்த அன்றே தின்று தீர்ப்பதே முறை. மறுநாளுக்கு வேண்டுமானால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும்.

1837இல் பெலெமில் அந்தக் கடை திறந்த அதே ஆண்டு, இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகச் சோளமாவில் ஒரு தூள் செய்தார். முட்டையே இல்லாத கஸ்டர்ட். அன்பினால் பிறந்த தூள்தான் அது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் வழிவந்த மஞ்சள் பொடி டப்பாவைத்தான் இன்று இராமநாதபுரத்துப் பிள்ளைகள் கஸ்டர்ட் என்று அறிகிறார்கள். பழத்துண்டு மிதக்கும் அந்தக் கிண்ணம் பரமக்குடிக் கல்யாண மண்டபங்களுக்கும் வந்துவிட்டது. பக்கத்துக் கடற்கரையிலேயே முழு முட்டையில் வெந்த கஸ்டர்ட் ஒன்று தமிழ்ப் பெயரோடு இருப்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் உம்மாவோ பாட்டியோ வட்டிலப்பத்துக்கென்று வைத்திருந்த வட்டில் பரணில் கிடந்தால் பழைய பாத்திரத்துக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் விளிம்பில் பெயரோ ஆண்டோ வெட்டியிருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். உங்கள் வீட்டுக் கணக்கையும் எழுதுங்கள்: எத்தனை முட்டைக்கு எத்தனை கருப்பட்டி, சாதிக்காய் உண்டா இல்லையா, பொத்தல் வேண்டுமா வேண்டாமா, இடியாப்பத்தோடா தனியாகவா. ஊர்ப் பெயரைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அடுத்த இதழில் தொதலைப் பார்ப்போம்.

(தொடரும்)